மச்சினன் சொன்ன விலை

2008 ஜூன் 9-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணி வாக்கில் எங்கள் வீட்டு லேண்ட்லைன் அடித்தது. அந்த நேரத்தில் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று நம்பும் குடும்பம் எங்களுடையது. மாமனார் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். என் மனைவி ஓடிப்போய் ரிசீவரை எடுத்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

நியூஜெர்சியிலிருந்து அவள் தம்பி. "யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. புது ஐபோன் அறிவிச்சாச்சு. நூத்தித் தொண்ணூத்தொம்பது டாலர்தான்!"

அவள் ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் கொட்டாவியோடு கேட்டுக்கொண்டேன். ஸ்டீவ் ஜாப்ஸ் சற்று முன்புதான் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஐபோன் 3ஜி-யைக் காட்டியிருக்கிறார். போன வருஷம் முதல் ஐபோன் வந்தபோது 599 டாலர் கொடுத்து வாங்கியவன் என் மச்சினன். வாங்கிய இரண்டே மாதத்தில் அதன் விலை 200 டாலர் இறங்கியது. அந்தத் துக்கத்தை அனுபவித்தவனுக்கு இப்போது 199 என்று கேட்டதும் தூக்கம் வரவில்லை. அவனுக்கு அப்போது பகல் என்பது வேறு விஷயம்.

மாமனார் பொதுப்பணித் துறையில் எஸ்டிமேட் போட்டே ஓய்வு பெற்றவர். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை கிளிப் போட்டுச் சேர்த்து வைத்திருப்பார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும்போது எறிய அவருக்கு மனசு வராது. அன்று கிழிக்க வேண்டிய தாளைக் கிழித்து, "டாலர் இன்னிக்கு எவ்வளவு மாப்பிள்ளை?" என்றார். நாற்பத்து மூன்று சொச்சம் என்றேன். சொச்சத்தை அவர் தள்ளிவிட்டார். பெருக்கினார், சரிபார்த்தார், அடியில் இரண்டு கோடு போட்டார்.

"எட்டாயிரத்து ஐநூத்தம்பத்தேழு."

அந்தத் தாளை டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஐபோனின் விலை 8,557 ரூபாய்.

அண்ணா சாலையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கள் செக்‌ஷனில் அப்போது பதினான்கு பேர். பதினான்கு பேரில் ஐபோன் வாங்கும் உத்தேசம் ஒருவருக்கும் இல்லை. ஆகவே விவாதம் மிக ஆழமாக நடந்தது. வாங்கப் போகிறவனுக்கு ஆயிரம் கவலை. அபிப்பிராயம் சொல்ல வாங்காதவனுக்குத்தான் அவகாசம் இருக்கும்.

கேஷியரிடம் நோக்கியா 1100 இருந்தது. மூன்று முறை மாடிப்படியில் விழுந்து, மூன்று முறையும் பேட்டரி ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் என்று சிதறி, மறுபடி ஒன்று சேர்ந்து பிழைத்த போன். ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அதுல டார்ச் இருக்கா?"

அன்றிரவு மச்சினனிடம் கேட்டேன். இல்லை என்றான். அந்த வருஷம் தமிழ்நாட்டில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "எட்டாயிரத்து ஐநூறு குடுத்துட்டு, கரண்ட் போனா தீப்பெட்டியைத் தேடணுமா?" என்று கேட்டு அந்தப் பக்கத்தை மூடிவிட்டார் கேஷியர். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அந்தப் போனைப் பற்றிச் சொல்லப்பட்ட விமர்சனங்களில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் படித்ததில்லை.

எதிர் ஸீட் நண்பருக்கு எஸ்எம்எஸ் ஃபார்வர்ட் செய்வது முழுநேரத் தொழில், காப்பீடு பகுதிநேரம். சர்தார் ஜோக்கிலிருந்து தைப்பொங்கல் வாழ்த்து வரை அவர் கையால் எழுதிய ஒரு வரி கிடையாது, எல்லாம் வந்ததை அனுப்பியவைதான். ஐபோனில் ஒருவர் அனுப்பிய எஸ்எம்எஸ்ஸை இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்ய முடியாது என்ற உண்மை அவரை உலுக்கிவிட்டது. "அப்ப காப்பி எடுத்து ஒட்டிக்க வேண்டியதுதான்." அதுவும் முடியாது. இரண்டுமே அடுத்த வருஷம்தான் வந்தன. ப்ளூடூத்தில் பாட்டு அனுப்ப முடியாது, வீடியோ எடுக்க முடியாது, பேட்டரியைக் கழற்ற முடியாது என்று பட்டியல் நீண்டபோது, கடைசியில் அவர் நம்பிக்கை இழந்த குரலில், "மிஸ்டு கால் குடுக்கலாமா?" என்றார். கொடுக்கலாம் என்று உறுதியளித்தேன்.

ஆகஸ்ட் 22 நள்ளிரவில் ஏர்டெல்லும் வோடஃபோனும் ஐபோன் 3ஜி-யை இந்தியாவில் விற்கத் தொடங்கின. அமெரிக்காவில் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. 8 ஜிபி 31,000 ரூபாய். 16 ஜிபி 36,100.

காலையில் ஆபீஸே துக்க வீடு. ஒருவரும் வாங்கப் போவதில்லை. ஆனால் எட்டாயிரத்து ஐநூற்றுக்கு வாங்காமல் இருப்பது வேறு, முப்பத்தோராயிரத்துக்கு வாங்காமல் இருப்பது வேறு. முதலாவது நம் முடிவு. இரண்டாவது அவமானம். யூனியன் தோழர் இது ஏகாதிபத்தியச் சுரண்டல் என்றார். கேஷியருக்கு வேறு கவலை. "முப்பத்தாறாயிரம் சரி. அது என்ன மேல ஒரு நூறு?" பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மொய் எழுதும்போது ஐந்நூறோடு ஒரு ரூபாய் சேர்ப்போமே, அப்படி ஏதாவது இருக்கும்.

மாமனார் டைரக்டரியிலிருந்து தாளை எடுத்து என் முன் வைத்தார். "எட்டாயிரத்து ஐநூத்தம்பத்தேழு முப்பத்தோராயிரம் ஆகறதுக்கு நடுவுல என்ன மாப்பிள்ளை இருக்கு? கடல்தானே?"

நியாயமான கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் கூப்பிட்டபோது ஸ்பீக்கரில் போட்டேன். அவன் எடுத்த எடுப்பிலேயே, "அங்க உங்களை நல்லா ஏமாத்தறாங்க அத்தான்" என்றான்.

"இருக்கட்டும்பா. நீ மாசம் எவ்வளவு கட்டறே?"

"அது தனி."

"தனின்னா?"

"பேசறதுக்கு நாப்பது டாலர். டேட்டாவுக்கு முப்பது."

"எஸ்எம்எஸ்?"

"அது தனி."

"எத்தனை மாசத்துக்கு?"

"ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட்."

"நடுவுல வேண்டாம்னு தோணிச்சுன்னா?"

"நூத்தி எழுபத்தஞ்சு டாலர் கட்டிட்டு வெளியே வரலாம்."

"உனக்கு யாராவது எஸ்எம்எஸ் அனுப்பினா?"

சற்று நேரம் கடல் சத்தம் மட்டும் கேட்டது. "பேக்கேஜ் இல்லைன்னா அதுக்கும் இருபது சென்ட்."

"வர்றதுக்குமா?" என்று மாமனார் துள்ளி எழுந்தார். எட்டு ரூபாய் அறுபது காசு! யாரோ ஒரு வீணாய்ப்போனவன் 'ஹாய்' என்று அனுப்பினால் நாம் எட்டு ரூபாய் அறுபது காசு கட்ட வேண்டுமா?

அவருடைய அதிர்ச்சிக்குக் காரணம் உண்டு. வருவதற்குக் காசு கொடுத்த காலத்தை நாங்களும் பார்த்திருக்கிறோம். 1995-ல் செல்போன் வந்த புதிதில் நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரை போனது. கூப்பிடுகிறவருக்கும் உண்டு, எடுக்கிறவருக்கும் உண்டு. அப்போதைய எங்கள் டிவிஷனல் மேனேஜர் செங்கல் அளவில் ஒன்று வைத்திருந்தார். மணி அடித்தால் எடுக்க மாட்டார். நம்பரைப் பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, கீழே எஸ்டிடி பூத்துக்கு இறங்கிப் போய் அங்கிருந்து பேசுவார். ஊரிலேயே விலை உயர்ந்த விசிட்டிங் கார்டு அது. 2003 மே மாதம் வரும் அழைப்பு இலவசம் ஆன பிறகுதான் அவர் போனைக் காதில் வைத்து நாங்கள் பார்த்தோம். அதற்குள் ரிட்டயர்மென்ட் வந்துவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். மாதம் எழுபது டாலர், இருபத்து நான்கு மாதம், 1,680. கையில் கொடுத்த 199-ஐச் சேர்த்தால் 1,879 டாலர். ரூபாயில் ஏறத்தாழ 80,800. நம் ஊரில் 31,000 கொடுத்தால் போன் நம்முடையது. பிறகு பத்து ரூபாய் ரீசார்ஜ் போட்டுக்கொண்டு காலம் தள்ளலாம். ஆகக்கூடி, விலையில் பாதிக்கு மேல் மிச்சம் பிடித்திருப்பவர்கள் நாம்தான்.

இதைக் காலண்டர் தாளிலேயே அழகாக எழுதி மாமனாரிடம் காட்டினேன். ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். பெருக்கல் சரி, கூட்டல் சரி. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அதெல்லாம் மாச பில்லு மாப்பிள்ளை. நான் போன் விலையைக் கேட்டேன்."

நமக்கும் கான்ட்ராக்டுக்கும் ஒத்து வராது. நாம் மனமுவந்து கையெழுத்துப் போடும் ஒரே ஒப்பந்தம் வாடகை வீட்டு ஒப்பந்தம், அதையும் பதினோரு மாதத்தோடு நிறுத்திக்கொள்வோம். 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குப் போன் தருகிறது என்றதும் ஊரே திரண்டது. 501-ஐ எல்லோரும் படித்தார்கள். அதற்குக் கீழே இருந்த மாதக் கணக்கைப் பலர் போன் வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தார்கள். அந்தப் போனில் சிம் கிடையாது. நம்பரும் கருவியும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். ஆனாலும் கட்டில் கடையில் மெத்தை இலவசம் போல, ஏதோ ஒன்று சும்மா வந்தது என்ற நிறைவு பலருக்கும் இருந்தது.

2008 ஐபோனில் இன்னொரு வேடிக்கை. இங்கே முழு விலை கொடுத்து வாங்குகிறோம், கான்ட்ராக்ட் கிடையாது. ஆனால் எந்தக் கம்பெனியிடம் வாங்கினோமோ அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் வேலை செய்யும். தாலியும் கட்டவில்லை, விவாகரத்தும் கிடையாது. இன்னும் ஒன்று. அதன் பெயர் ஐபோன் 3ஜி. தனியார் கம்பெனிகளுக்கு 3ஜி அலைக்கற்றை ஏலம் விட்டதே 2010-ல்தான். ரயில் வராத ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராகச் சேர்ந்தவர் பச்சைக் கொடியை இஸ்திரி போட்டு வைத்திருப்பது மாதிரி, அந்தப் போன் சட்டைப்பையில் இரண்டு வருஷம் காத்திருந்தது.

மாமனார் விடுகிறவர் இல்லை. பர்மா பஜாரில் அமெரிக்கச் சரக்கு பாதி விலைக்குக் கிடைக்கும் என்று வாக்கிங் நண்பர் யாரோ சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிப் பீச் ஸ்டேஷனில் இறங்கினோம். வழியெல்லாம் அவர் பேசவில்லை. எஸ்டிமேட் போடப் போகும் தளத்தை மனசுக்குள் அளந்துகொண்டிருந்தார்.

பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்களின் பிழைப்புக்காக உருவான கடைவரிசை அது. நாங்கள் போன சமயம் ஆளுயர டிவிடி அடுக்குகளுக்கு நடுவே மனிதர்கள் முளைத்திருந்தார்கள். ஒரு கடையில் நின்றோம். அகலம் நாலடி இருக்கும். கடைக்காரர் உள்ளே எப்படிப் போனார் என்பதே வியப்பு.

"என்னா சார் வேணும்? டிவிடியா, சென்ட்டா, ட்ரிம்மரா?"

"ஐபோன்" என்றேன், குரலைத் தாழ்த்தி.

அவர் அதைவிடத் தாழ்த்தி, "உள்ள வாங்க" என்றார். உள்ளே என்று ஒன்று இல்லாததால் தலையை மட்டும் நீட்டினோம். காலடியிலிருந்து பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்தார். அதற்குள் மஞ்சள் துணி. அதற்குள் போன். பூஜை அறையில் எங்கள் வீட்டு ஸ்படிக லிங்கத்துக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

"யுஎஸ் பீஸ் சார். போன வருசத்து மாடல். கையில வாங்கிப் பாருங்க. பாக்கறதுக்குக் காசு கேக்க மாட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். வெறும் கண்ணாடி. விரலால் தள்ளினால் படங்கள் வழுக்கிக்கொண்டு போய், முனையில் இடித்து, மெல்லத் திரும்பி வந்தன. மறுபடி தள்ளினேன். மறுபடி திரும்பி வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏழெட்டு முறை தள்ளியிருப்பேன். அதுவரை பதினான்கு பேரும் நானும் பேசிய பேச்சில் இது எங்கேயும் வரவில்லை. டார்ச் இல்லை, ஃபார்வர்ட் இல்லை என்று இல்லாததையெல்லாம் எண்ணிய நாங்கள், இருப்பதைத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

"எவ்வளவுப்பா?" என்றார் மாமனார்.

"பெரியவருக்காக இருவத்திரெண்டு."

"அமெரிக்காவுல புதுசே எட்டாயிரத்து ஐநூத்தம்பத்தேழு."

"அப்ப அங்கயே வாங்கிக்கங்க ஐயா. போக வர பஸ் செலவு எவ்ளோன்னு பாத்துக்கங்க."

மாமனார் அடுத்த கேள்விக்குப் போனார். "இதுல நம்ம சிம் வேலை செய்யுமா?"

"சிம்முக்கு அடியில தாள் மாதிரி ஒண்ணு வெச்சிருக்கோம். போன் அதைப் பாத்துட்டு இது அமெரிக்க சிம்முன்னு நெனச்சிக்கும்."

"போனையே ஏமாத்தறீங்களா?"

"போனைத்தானே ஐயா. மனுசனை இல்லியே."

"பில் குடுப்பீங்களா?" என்று நான் ஒரு காப்பீட்டுக்காரனின் கேள்வியைக் கேட்டேன். அவர் என்னைக் கருணையோடு பார்த்தார். "பில்லு போட்டா அப்புறம் மவுண்ட் ரோடு கடைக்கும் எனக்கும் என்னா சார் வித்தியாசம்?"

"வாரண்டி?"

"நான் இங்கதான் உக்காந்திருப்பேன். அதான் வாரண்டி."

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு எச்சரிக்கை சொன்னார். "ஒண்ணே ஒண்ணு. கம்ப்யூட்டர்ல மாட்டினா, அப்டேட் போடவான்னு கேக்கும். சரின்னு மட்டும் சொல்லிராதீங்க."

"சொன்னா?"

"கல்லு."

இருபத்திரண்டாயிரம் கொடுத்து வாங்கி, ஆயுசு முழுக்க அது கேட்கும் கேள்விக்கு 'வேண்டாம்' சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வீட்டில் ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது. போனைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டோம். மாமனாருக்கு வெறுங்கையோடு ரயில் ஏற மனசில்லை. நூற்றைம்பது சொன்ன ட்ரிம்மரை எண்பதுக்குக் கேட்டார். எண்பத்தைந்துக்குப் படிந்தது. பில் இல்லை, வாரண்டி இல்லை. இன்றைக்கும் ஓடுகிறது.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் நான் ஐபோன் வாங்கவில்லை, கருத்து சொல்வதை மட்டும் ஒரு வருஷம்கூட நிறுத்தவில்லை. புது மாடல் வரும்போதெல்லாம் மச்சினன் விலை சொல்வான், மாமனார் பெருக்குவார், நான் ஆபீஸில் எடுத்துரைப்பேன். இதற்கிடையே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. கேஷியர் அன்று தன் 1100-ஐ மேஜைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சில வருஷம் கழித்து, அதே ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்ய ஆரம்பித்தது. எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். விடியற்காலையில் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். மாமனார் அவற்றைப் பார்த்துவிட்டு, "இப்ப கடலும் இல்லையே" என்றார்.

2023 செப்டம்பர் 22-ல் ஐபோன் 15 வந்தது. ஆறு வார இடைவெளியெல்லாம் பழங்கதை. அமெரிக்காவுக்கும் நமக்கும் ஒரே நாள். 2008-ல் நாலு வயதாக இருந்த என் மகள் இப்போது கல்லூரியில். "எல்லாரும் வெச்சிருக்காங்கப்பா" என்று தொடங்கினாள். இந்த வாதத்துக்கு உலகத்தில் எந்த வக்கீலிடமும் பதில் இல்லை.

மச்சினன் உடனே, "நான் வாங்கிட்டு வரேன் அத்தான். எழுநூத்தித் தொண்ணூத்தொம்பதுதான்" என்றான். அங்கே 799 டாலர். இங்கே 79,900. மாமனாருக்கு எண்பத்து நாலு வயது, கை நடுங்குகிறது, பென்சில் நடுங்கவில்லை. டாலர் எண்பத்து மூன்று என்று வைத்து 66,317 போட்டார். நம் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்து 67,700 போட்டார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பதினைந்து வருஷமாகக் கடல் கடலாக இருந்த வித்தியாசம் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு வந்து நிற்கிறது, அதற்கு மேல் இருப்பதெல்லாம் அரசாங்கம். பழைய அரசு ஊழியர் என்ன சொல்வார்? பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

மச்சினன் வாங்கி வரும் யோசனையைத் தட்டிவிட்டவளும் என் மகள்தான். முந்தைய டிசம்பரில் அவன் விடுமுறைக்கு வந்தபோது கையில் ஐபோன் 14. மாமனார் பாசத்தோடு ஒரு உள்ளூர் சிம் வாங்கி வைத்திருந்தார். அதைப் போட இடம் தேடிப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள் இருவரும். அமெரிக்க மாடலில் சிம் போடும் ஓட்டையே கிடையாது, எல்லாம் இ-சிம். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறையாகத் தேடினார். "அன்னிக்கு நம்ம சிம்முக்குப் பூட்டுப் போட்டாங்க. இப்ப கதவையே எடுத்துட்டாங்களா?" மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதுதான். ஆனால் அதற்காகக் கடையில் அரை நாள் டோக்கன் வாங்கி நின்றவன் மச்சினன். கூட நின்றவள் என் மகள்.

எனவே கடைக்குப் போனோம். எந்தக் கடை என்பது வேண்டாம். ஏசியில் பத்து நிமிஷம் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, அதன் பிறகு, "பிங்க் ஸ்டாக் இல்ல சார், புதன்கிழமை வரும். பிளாக் இருக்கு, தரட்டுமா?" என்றார் அந்தப் பையன்.

"தம்பி, ஸ்ரீபெரும்புதூர்லதான் செய்யறாங்க. நான் டூவீலர்ல போய் எடுத்துட்டு வரட்டுமா?"

"குடோன் போய்த்தான் சார் வரும்." குடோன் எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆப்பிள் தன் சொந்தக் கடைகளை அந்த வருஷம்தான் மும்பையிலும் டெல்லியிலும் திறந்திருந்தது. அடுப்பு நம் வீட்டுக் கொல்லையில், பந்தி அடுத்த தெருவில்.

புதன்கிழமை என்றது அதற்கடுத்த சனிக்கிழமை ஆனது. 79,900. என் கார்டுக்கு ஐயாயிரம் தள்ளுபடி. 74,900. பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்கு நீட்டினேன். பையன் அதை விளக்குக்கு நேரே பிடித்து, வைரம் பார்க்கும் சேட்டு மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "டிஸ்ப்ளேல ஒரு கோடு இருக்கே சார்" என்றார். அவர் சொன்ன தொகையில் அன்றைக்கு எங்கள் பார்க்கிங்கும் காபியும் போகும். திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். டப்பாவைத் திறந்தால் போனும் ஒரு ஒயரும். சார்ஜர் இல்லை. "அது தனி சார், ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

அது தனி. இந்தச் சொல்லை எங்கேயோ ஸ்பீக்கரில் கேட்ட ஞாபகம்.

"ஈஎம்ஐ போட்டுக்கறீங்களா சார்? நோ காஸ்ட். ஆறு மாசம்." எந்தச் செலவும் இல்லையா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றார். மெஷினில் கார்டைத் தேய்த்து, ஓடிபி சொல்லி, எல்லாம் முடிந்த பிறகு, "பிராசஸிங் ஃபீஸ் மட்டும் ஸ்டேட்மென்ட்ல வரும் சார்" என்றார்.

"எவ்வளவு?"

"நூத்தித் தொண்ணூத்தொம்பது."

என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பையன் பயந்துபோய், "ரூபாய்தான் சார்" என்றார். அந்த 199-க்கும் ஜிஎஸ்டி உண்டு. 234 ரூபாய் 82 காசு.

பதினைந்து வருஷமாக வண்டி வண்டியாகக் கருத்து வைத்திருந்தவன், வாங்கிய அன்றைக்கு ஊமையாகிவிட்டேன். திங்கட்கிழமை ஆபீஸில் "எவ்வளவு சார்?" என்று கேட்டார்கள். இப்போது செக்‌ஷனில் ஆறு பேர்தான், எல்லாம் இளவட்டம். "ஆஃபர்ல கிடைச்சுது" என்று மட்டும் சொன்னேன். மனைவியிடம் அறுபத்தைந்து என்றேன். அவள் தம்பியிடம் அறுபது என்றாள். அவன், "இங்கயே அந்த விலைக்குக் கிடைக்காதேக்கா" என்று இரண்டு நிமிஷம் பேச்சு மூச்சில்லாமல் இருந்தானாம். இப்படி ஒரு வெற்றி எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்ததே இல்லை என்பதால் நானும் திருத்தவில்லை.

மாமனாரிடம் மட்டும் யார் சொல்வது என்று நாங்கள் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மாலை என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, போனை வாங்கி, விரலால் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். முனையில் இடித்துத் திரும்பி வருவதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "எவ்வளவும்மா ஆச்சு?" என்றார்.

அவள் வங்கியிலிருந்து அன்று காலை வந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்தவள். "பன்னெண்டாயிரத்து நானூத்தி எண்பத்து மூணு தாத்தா" என்றாள். மாசத்துக்கு என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வருவதற்குள் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நாலாயிரம் அதிகம் குடுத்துட்டீங்களே மாப்பிள்ளை. அன்னிக்கே எட்டாயிரத்து ஐநூத்தம்பத்தேழுதானே?"